நேத்து வெச்ச குழம்பு

"உன் சட்டியில ஆக்கித் தின்னுதான் எம் பொண்ணு ரத்தத்துல ஈயம் ஏறிச்சு" என்று தேசம்மா குப்பத்துப் பஞ்சாயத்தில் அழுதாள். அலுமினியச் சட்டி வியாபாரி ஏகாம்பரம் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்து தப்பித்துவிட்டார்.

மறுவாரமே அவள் அவருடைய பழவேற்காட்டுக் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்து நின்றாள். அவருக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

"கோவத்துல பேசிட்டேண்ணா. நேத்து வெச்ச மடவை மீன் குழம்பு, சாப்புடு."

வழித்துத் தின்றார். "இன்னா ருசி. மண்சட்டியா?"

"உன் சட்டிதாண்ணா. ராத்திரி முழுக்க அதுலயே ஊறிச்சு."

ஏகாம்பரம் தொண்டைக்குள் விரலை விட்டார். "அடிப்பாவி, பழைய பேட்டரியெல்லாம் போட்டு உருக்கின சட்டிடி அது. புளி பட்டா விஷம்."

கடையில் சட்டிகளைப் பேரம் பேசிக்கொண்டிருந்த பெண்கள் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"ஆக்கினது மண்சட்டியிலதான்" என்றாள் தேசம்மா. "பொய்ச்சத்தியம் பண்ண வாயே உண்மையக் கக்கணும்னுதான் கொண்டாந்தேன்."

பெண்கள் கையிலிருந்த சட்டிகளை ஓங்கிக்கொண்டு அவரை நெருங்கினார்கள்.