வெள்ளி அரைஞாண்

எக்ஸ்ரே அறையின் வாசலில் பகலவன் ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி நிற்கிறான். அவனால் பெஞ்சில் உட்கார முடியாது. நெல் மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து உட்கார்ந்த வாக்கில் விழுந்ததிலிருந்து வால் எலும்பில் அப்படி வலி. உள்ளே டியூப்லைட் வெளிச்சம் எக்ஸ்ரே கட்டிலின் மேல் வெளுத்துக் கிடக்கிறது. "இடுப்புல வெள்ளிக் கொடி கெடக்குதே, அத்த அவுத்துட்டு வாங்கண்ணே. எலும்ப மறைச்சிடும்" என்கிறான் படமெடுப்பவன். பகலவனின் கை லுங்கிக்கு மேல் அரைஞாணைப் பொத்திக்கொள்கிறது. "இடுப்ப வெறுமையா வுடறது பொணத்துக்குத்தான் சார்." கருணாபுரத்தில் கள்ளச்சாராயச் சாவு விழுந்த அன்று, செத்துக் கிடந்த தன் அண்ணன் இடுப்பிலிருந்து அறுத்த அரைஞாணைக் கையில் வாங்கியவள், பக்கத்தில் நிற்கும் பகலவனின் மனைவி செல்வராணி. அவள் முந்தானை ஓரத்தைப் பல்லால் கடித்து நீளமாகக் கிழிக்கிறாள். "கைய எடுய்யா. மொதல்ல இத்த கட்டிடறேன், அப்பறம் அத்த அவுத்துக்கலாம்." துணி நாடா இடுப்பைச் சுற்றி இறுகுகிறது. அதன் பிறகே வெள்ளியின் கொக்கி கழன்று அவள் கைக்கு வருகிறது. "துணி இருந்தா பரவால்லியா தம்பி?" "துணி படத்துல வுழாதுக்கா." பகலவன் கட்டிலில் ஒருக்களித்து, முழங்காலை மடக்கிச் சுருண்டு படுக்கிறான். கதவு சாத்தப்படுகிறது, மேலே சிவப்பு விளக்கு எரிகிறது. "ஆடாம இருங்கண்ணே" என்று உள்ளே குரல் கேட்கிறது. வெளியே செல்வராணி மூடிய கையை மெல்லத் திறந்து பார்க்கிறாள். அண்ணனுடையது அன்று சில்லென்று இருந்தது. இது இன்னும் சூடாக இருக்கிறது.