இன்னொரு முதலாளி

பாத்திரக்கடை முதலாளி ஞானதுரையின் படமும் பெயரும் போட்ட புது நம்பரிலிருந்து, கல்லாவில் இருந்த ஜெசிந்தாவுக்கு வாட்ஸ்அப் வந்தது: ‘சாப்பிட்டீங்களாம்மா? இந்த அக்கவுண்டுக்கு அவசரமா ஐம்பதாயிரம் அனுப்புங்க.’ அவள் அனுப்பவில்லை.

விஷயம் தெரிந்ததும் முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாரையும் கூட்டி வைத்து, “எம் படம், எம் பேரு. அது நானில்லன்னு எப்படிக் கண்டுபிடிச்ச? இவங்களுக்கும் சொல்லு” என்றார்.

அவர் யாரையும் ஒருநாளும் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. கடையே அவள் வாயைப் பார்த்தது.

“எழுத்துப்பிழை இருந்துச்சு மொதலாளி.”

“கெட்டிக்காரி! அந்த நம்பர பிளாக் பண்ணு.”

“சரிங்க மொதலாளி.”

மதியம் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு, அந்த நம்பருக்கே பதில் எழுதினாள்: ‘சாப்பிட்டேன் சார். நீங்க?’