கூரைக் கோப்பை

வாசகசாலையின் கூரை ஒழுக ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. செயலராக இருந்த மருந்துக்கடைக்காரர் அதற்காக இதுவரை செய்ததெல்லாம் வாளிகளை இடம் மாற்றி வைத்ததுதான். இந்த வருஷம் வாளியை எங்கே வைப்பது என்றே தெரியாத அளவுக்கு ஒழுகியதால், செஸ் போட்டி நடத்தி நிதி திரட்டுவது என்று கமிட்டி முடிவு செய்தது. பதினைந்து பேர் பெயர் கொடுத்தார்கள். அவர்கள் கட்டிய நுழைவுக் கட்டணத்தில் இன்னும் நாலு வாளி வாங்கலாம். கூரை போட முடியாது.

துவக்க விழாவில்தான் சிமெண்ட் கடை முதலாளி மைக்கைப் பிடித்தார்.

"நானும் ஆடுறேன். கோப்பையை நான் ஜெயிச்சா, கூரை மொத்தமும் என் செலவு."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. மறுநாளே அவர் கடை வாசலில், 'கூரை தரும் கொடை வள்ளல்' என்று அவர் படத்தோடு ஒரு பேனர் தொங்கியது. 'ஜெயிச்சா' என்ற சொல்லுக்கு மட்டும் அதில் இடம் போதவில்லை.

செயலருக்கு விஷயம் விளங்கிவிட்டது. பெரிய மனுஷனுக்குக் கோப்பை மேல் ஆசை. கோப்பையைக் கொடுத்துக் கூரையை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மோசடிதான், சந்தேகமில்லை. ஆனால் நல்ல காரியத்துக்காகச் செய்யும் மோசடிக்கு வேறு ஏதாவது பெயர் இருக்கும் என்று மனைவியிடம் சொன்னார். அந்தப் பெயர் தெரிந்ததும் தனக்கும் சொல்லும்படி கேட்டுக்கொண்டு, அவள் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

ஒவ்வொரு சுற்றுக்கும் சீட்டுக் குலுக்கியவர் செயலர்தான். முதலாளிக்கு எதிராக யார் பெயர் வர வேண்டுமோ அந்தப் பெயர்தான் வந்தது. அவர்களிடம் முந்தின நாளே போய்ப் பேசியும் வைத்தார்.

முதலாளியின் ஆட்டத்தைப் பார்த்த பிறகுதான், தான் எடுத்துக்கொண்ட வேலை எவ்வளவு பெரியது என்று அவருக்கு உறைத்தது. முதல் சுற்றில் மனிதர் நாலாவது நகர்த்தலிலேயே ராணியைக் கொண்டுபோய், எதிரே ஆடிய தையற்காரரின் குதிரை வெட்டும் கட்டத்தில் நிறுத்தினார். தையற்காரர் அதைப் பார்க்காததுபோல் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் ராஜாவைத் தானே ஒரு மூலையில் அடைத்து, வெளியே வரும் வழியையும் மூடிக்கொண்டு, பொறுமையாகக் காத்திருந்து ஒரு வழியாகத் தோற்றார். அடுத்த சுற்றில் பள்ளிக்கூட வாத்தியார், தன் ராஜாவைக் காற்று வாங்க அனுப்பியதுபோல் பலகையின் நடுவுக்கு நடத்திக்கொண்டு போனார். அவரிடம் செஸ் கற்றுக்கொண்டவர்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அரையிறுதியில் மளிகைக்கடைக்காரர் வயிற்றுவலி என்று சொல்லியனுப்பிவிட்டு வரவேயில்லை.

ஒவ்வொரு வெற்றிக்கும் முதலாளியின் முகம் சுண்டிக்கொண்டே போனது. எதிராளிகளின் தரம் போதவில்லை என்ற வருத்தம் போலிருக்கிறது என்று செயலர் நினைத்துக்கொண்டார்.

மறுபக்கத்திலிருந்து இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றவர் கிளினிக் நர்ஸ். எதிரே உட்கார்ந்த எல்லாரையும் இருபது நகர்த்தலுக்குள் கட்டிப் போட்டவர். செயலர் அவரைத் தேடிக்கொண்டு கிளினிக்குக்கே போனார். மழை வரப்போவதைச் சொன்னார், நனைந்து ஊறிப்போன புத்தகங்களைச் சொன்னார், கடைசியில் தோற்கச் சொன்னார். நர்ஸ் ஒருவரின் முழங்காலுக்குக் கட்டுப் போட்டபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"பார்க்கலாம் சார். கொஞ்சம் வழியை விடுங்க" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாசகசாலையில் நிற்க இடமில்லை. ஆட்டம் பாதி போனதும் நர்ஸ் தாக்க ஆரம்பித்தார். குதிரையைக் கொடுத்து ஒரு செக். மந்திரியைக் கொடுத்து ஒரு செக். யானையைக் கொடுத்து இன்னொரு செக். ஒவ்வொன்றையும் வெட்டுவதைத் தவிர முதலாளிக்கு வேறு வழியில்லை. செயலருக்கு வியர்த்துக் கொட்டியது. கூரை கைநழுவிப் போய்க்கொண்டிருக்கிறது. இந்த மனிதரோ சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறார். தோற்பதுகூடத் தெரியவில்லையே என்று செயலர் நொந்துகொண்டார்.

கடைசியில் நர்ஸ் ராணியையே கொண்டுவந்து முதலாளியின் ராஜாவுக்குப் பக்கத்தில் வைத்தார். "செக்."

முதலாளியின் சிரிப்பு நின்றது.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு நகர்த்தல். அந்த ராணியை யானையால் வெட்ட வேண்டும். வெட்டினால் நர்ஸின் ராஜாவுக்கு மேட். முதலாளி பலகையை இந்தப் பக்கமாகச் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கமாகச் சாய்ந்து பார்த்தார், எழுந்து நின்றும் பார்த்தார். அதற்குள் கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது. கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். சுற்றி நின்று அத்தனை பேர் கைதட்டும்போது எந்த மனிதரால் ஆட்டத்தை விட்டு எழுந்து போக முடியும்? யானையைத் தூக்கி ராணியை வெட்டினார்.

கோப்பையை வாங்கும்போது அவர் கண் கலங்கியது. ஆனந்தக் கண்ணீர் என்று பக்கத்தில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் செயலர் நர்ஸிடம் ஓடினார். தோற்கச் சொன்னால் இப்படியொரு சாமர்த்தியத்தோடு தோற்பவரைத் தான் பார்த்ததே இல்லை என்றும், தன் வார்த்தைக்கு மதிப்புக் கொடுத்ததை உயிருள்ளவரை மறக்கமாட்டேன் என்றும் நெகிழ்ந்தார்.

"உங்க வார்த்தைக்காக இல்ல சார். நீங்க வந்து கேட்டதுக்கே உங்க ஆளை ஒரு வழி பண்ணிடணும்னுதான் இருந்தேன்" என்று காய்களைப் பெட்டியில் போட்டு மூடினார் நர்ஸ்.

"நீங்க போன அரை மணி நேரத்துல முதலாளி வந்தார். 'மூணு பேர்கிட்டயும் கெஞ்சிப் பார்த்துட்டேன், ஒருத்தனும் என்னைத் தோற்கடிக்க மாட்டேங்கிறான், நீயாவது ஜெயிச்சுடும்மா'ன்னு கும்பிட்டுட்டுப் போனார்."