ஊசி போட்ட நெற்றி

"சுருக்கம் போக இவ நெத்தியில போட்ட ஊசியை முறிக்க மருந்து இருக்கா சிஸ்டர்?"

புதிதாகச் சேர்ந்த நர்ஸ் நிமிர்ந்தாள். கேட்டவருக்குப் பக்கத்தில் அவர் மனைவி, நெற்றியில் ஒரு சுருக்கமும் இல்லாமல் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

"இல்லை சார். நாலு மாசத்துல தானா சரியாகிடும். மனைவி அழகானா பொறுக்கலையா?"

"அதுவரைக்கும் குடித்தனம் தாங்கணுமே! நேத்து 'அம்மா வீட்டுக்குப் போறேன்'னா. நெத்தி அசையவே இல்லை, கேலி பண்றாள்னு நினைச்சுச் சிரிச்சேன். நிஜமாவே பெட்டியோட கிளம்பிட்டா. வாசல்ல மறிச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

"குரல்லயே கோபம் தெரியாதா சார்?"

அவர் மனைவி பக்கம் திரும்பி, அந்தக் கேள்வியை விரல்களால் சொன்னார். அவள் விரல்கள் படபடவென்று பதில் சொல்லின.

"பிறந்ததுலேர்ந்து காதும் கேட்காது, பேச்சும் வராது சிஸ்டர். அவ குரலே அந்த நெத்திதான்."

"இப்ப என்ன சொன்னாங்க?"

"'இந்தப் பொண்ணுக்கு வாய் நீளம்'ங்கறா."

நர்ஸ் அவள் முகத்தையே பார்த்தாள். சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை.