வெப்பச் சந்து

செல்போன் திரையில் ‘ரேஷ்மா, கன்ட்ரோல் ரூம்’ என்று வந்தது. துலுக்கானம் வியர்த்த கையை பேண்டில் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

“மேடம், கதவு தொறக்கல! உள்ள மாட்டிகினேன்!”

“தெரியும்ண்ணா. கரண்ட் போனதுல பூட்டெல்லாம் அப்படியே நின்னுடுச்சு. கதவை அறுக்க வெல்டர் செல்வகுமார் மெஷின் எடுத்துட்டு வர்றார்.”

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்த டேட்டா சென்டரில் துலுக்கானம் ஏசி மெக்கானிக். முதல் மாடியில், சர்வர்களின் பின்பக்கச் சந்தில் நின்றிருந்தார். அவை கக்கும் சூடு அறையின் குளிரோடு கலந்தால் மின்சாரம் வீண் என்று, போன மாதம்தான் எல்லாச் சந்துகளையும் கதவும் கூரையும் போட்டு அடைத்திருந்தார்கள்.

இப்போது ஏசி நின்றுவிட்டது. பேட்டரியில் ஓடும் சர்வர்கள் நிற்கவில்லை. சுவரில் இருந்த மீட்டர் ஐம்பத்தொரு டிகிரி காட்டியது.

தோளால் கதவை இடித்தார். அசையவில்லை.

“மூச்சு வாங்குது மேடம்.”

“பிரஷர் இருக்காண்ணா உங்களுக்கு?”

“கீது. மாத்திரை துண்ணுகினு கீறேன்.”

“ஒரு நிமிஷம் இருங்க.” லைன் அமைதியானது. திரும்பி வந்தபோது அவள் குரல் வேகமாக இருந்தது. “தரைப் பலகை ஒண்ணை நெம்பித் தூக்குங்க. கீழ ஏசி காத்து போற பள்ளத்துல இன்னும் குளிர்ச்சி இருக்கு. ஓரம் கையைக் கிழிச்சுடும், துணி சுத்திக்கோங்க.”

சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். குப்புறப் படுத்துப் பள்ளத்தில் முகத்தை வைத்தார். கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் முதுகு எரிந்தது. போனுக்குள்ளிருந்தும் அதே சர்வர் இரைச்சல் கேட்டது. தன் பக்கத்துச் சத்தம்தான் எதிரொலிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

“இன்னும் எவ்ளோ நேரம்?”

“பொறுத்துக்கோங்கண்ணா.”

“இன்னாத்த பொறுக்குறது? நீ குளுகுளுன்னு குந்திகினு சொல்லுவ! இங்க வந்து ரெண்டு நிமிசம் நின்னு பாரு, தெரியும்!”

அவள் கோபிக்கவில்லை. “திட்டுங்கண்ணா. நல்லா திட்டுங்க. தூங்கிடாம பேசிட்டே இருங்க.”

அவர் திட்டிக்கொண்டே இருந்தார். அவள் பதில்கள் சுருங்கி, வெறும் “ம்” ஆகி, அதுவும் நின்றது. அப்போதுதான் கதவில் தீப்பொறி பறந்தது.

செல்வகுமார் அவரை இழுத்து வெளியே உட்கார வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றினான்.

“கன்ட்ரோல் ரூமாண்ட இட்டுகினு போடா. அந்தப் பொண்ண கண்டபடி பேசிட்டேன். மன்னிப்பு கேக்கணும்.”

செல்வகுமார் அதற்குள் மெஷினைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டான். துலுக்கானம் சுவரைப் பிடித்தபடி பின்னாலேயே ஏறினார்.

இரண்டாம் மாடியிலும் அதே போன்ற சந்து, அதே போன்ற கதவு. செல்வகுமார் அறுக்க ஆரம்பித்திருந்தான்.

“இங்க யார்றா கீறாங்க?”

“சர்வர் பாக்க வந்து மாட்டிகினவங்க. மெஷினு ஒண்ணுதான கீது அண்ணாத்தே. உன்னை மொதல்ல எடுக்கச் சொன்னதே அவங்கதான்.”

கதவு சாய்ந்தது. உள்ளே தரைப் பள்ளத்தில் முகம் வைத்துக் கிடந்தவளை இருவரும் புரட்டினார்கள். காதோடு ஒட்டியிருந்த போன் நழுவியது. ரேஷ்மா மெல்லக் கண் திறந்தாள்.

“வெளிய வந்துட்டீங்களாண்ணா?”