பின்னோக்கி நடப்பவன்

அந்த உள்ளரங்கில் முப்பது வருஷம் நானும் மச்சானும் தரை போட்டோம். கூடைப்பந்து என்றால் மரப்பலகைகளை விரிப்போம், பாட்டுக் கச்சேரி என்றால் எடுப்போம். எத்தனை கைதட்டல் கேட்டிருப்போம், ஒன்றுகூட எங்களுக்கு இல்லை.

ஒரு பலகையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் எதிரே வருகிறவனின் கண்ணை நம்பிப் பின்னோக்கி நடக்க வேண்டும். நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. முப்பது வருஷமும் அவன்தான் அப்படி நடந்தான்.

"தங்கச்சியையே நம்பிக் குடுத்த, ஒரு பலகைக்கு நம்ப மாட்டியாடா?" என்று சிரிப்பான்.

போன மாசம் செத்துப்போனான்.

அரங்கை இடிக்கப் போகிறார்கள். நேற்றுக் காலை, கடைசி ஆட்டத்துக்குத் தரை போட வேண்டியிருந்தது.

"ஜோடி இல்லாம முடியாது பெரியவரே. வெளியாளுங்கள வச்சுப் போட்டுக்கிறேன்," என்றார் சூப்பர்வைசர்.

எங்கள் கடைசித் தரையை எவனோ போடுவதா? அவர் டீ குடிக்கப் போனதும் ஒரு பலகையின் முனையைப் பிடித்துத் தூக்கினேன். மறுமுனையும் எழுந்தது. அங்கே யாரும் இல்லை.

முன்னால் தள்ளிப் பார்த்தேன். நகரவில்லை. இடுப்பு உயரத்தில் அப்படியே நின்றது.

"சரிடா," என்றேன்.

திரும்பிப் பார்க்காமல் பின்னோக்கி நடந்தேன். பலகை கூடவே வந்தது.