ஏழு மில்லிமீட்டர்

"மூணு... ரெண்டு... மூணு... அஞ்சு... ஏழு."

பல் டாக்டரம்மா சொல்லச் சொல்ல, பக்கத்தில் நின்ற நர்ஸ் எழுதிக்கொண்டே வந்தாள்.

நாற்காலியில் மல்லாந்து கிடந்த லிஃப்ட் மெக்கானிக், ஏழு என்றதும் உள்ளுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தார். மதிப்பெண் என்று நினைத்துவிட்டார் மனிதர். பள்ளிக்கூடத்தில்கூட அவர் பத்துக்கு ஏழு வாங்கியதில்லை.

"ஈறு பல்லை விட்டு எவ்ளோ விலகியிருக்குன்னு அளக்கிறோம்," என்றார் டாக்டரம்மா. "மூணு மில்லிமீட்டர் வரைக்கும் பரவாயில்ல. ஏழுன்னா உள்ள எலும்பே கரைஞ்சிருக்கு."

வலிக்கவே இல்லையே என்று கேட்க நினைத்தார். வாய்க்குள் கண்ணாடியும் கம்பியும் இருந்தன.

கேட்காமலே பதில் வந்தது. இது பெரும்பாலும் வலிக்காத நோய். தேய்க்காமல் விட்ட அழுக்கு பல்லின் அடியில் காரையாக இறுகும். ஈறு வீங்கும், ரத்தம் கசியும், மெல்ல மெல்ல விலகும். பல் ஆடும்போதுதான் பலருக்கும் விஷயமே தெரியும்.

ரத்தம் அவருக்குத் தெரியும். நாலு வருடத்துக்கு முன்பு இடது பக்கம் தேய்க்கும்போது நுரை சிவந்தது. புண்ணான இடத்தை எதற்குக் கிளற வேண்டும் என்று அன்றோடு அந்தப் பக்கத்தையே விட்டுவிட்டார்.

லிஃப்டில் ஏதோ சத்தம் வருகிறது என்று யாராவது சொன்னால், நேராக அந்தச் சத்தத்திடம்தான் போவார். சொந்த வாய் விஷயத்தில் மட்டும் நைசாக நழுவியிருக்கிறார்.

"ரொம்ப நாளாவே வாடை இருந்திருக்கும். வீட்டுல யாரும் சொல்லலையா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். கம்பி குத்தியது.

முகமூடிக்கு மேலே டாக்டரம்மாவின் கண்கள் கொஞ்சம் இரங்கின. "நம்ம வாடை நமக்குத் தெரியாதுங்க. பக்கத்துல இருக்கிறவங்கதான் சொல்லணும்."

நியாயமாக அவருக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். லிஃப்ட் கூண்டின் தலைமேல் அவரோடு ஒட்டி நின்று வேலை பார்ப்பவன் வருடக்கணக்காக முகமூடி மாட்டிக்கொள்கிறான். கேட்டால் "தூசிண்ணே" என்பான். தூசியாவது மண்ணாவது.

ஆனால் அவருக்கு வந்தது சந்தோஷம். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. காரணம் கிடைத்துவிட்டது! காரணம் தெரிந்துவிட்டால் பாதிப் பழுது சரியான மாதிரி. இருபத்தெட்டு வருட வேலையில் அவர் கற்றது அது ஒன்றுதான். மூன்று வருடமாக ராத்திரி பகலாக மண்டையைக் குடைந்தும் அகப்படாத காரணம், பாவி, அவர் வாய்க்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

டாக்டரம்மா ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, இடது பக்கத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். வாரம் ஒருமுறை, இன்னும் மூன்று வாரம் வர வேண்டும் என்றார். ரத்தம் வருகிற இடத்தைப் பயந்து விட்டுவிடக் கூடாது, அங்கேதான் பொறுமையாகத் தேய்க்க வேண்டும் என்றார். இவரும் நல்ல பிள்ளையாக எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பஞ்சைக் கடித்தபடி வெளியே வந்தார்.

பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த கைப்பையை எடுத்துக்கொண்டு அவர் மனைவி எழுந்து நின்றாள்.

ஊசி போடுவதால் துணைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கூப்பிட்டதும் வந்தாள். எங்கே கூப்பிட்டாலும் வருவாள். வேளாவேளைக்குச் சமைப்பாள், அறுந்த பொத்தானைத் தைப்பாள், அவர் வர நேரமானால் போன் போட்டுக் கேட்பாள். மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சண்டையும் இல்லை சச்சரவும் இல்லை, தன் தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான். என்ன பதில் வருமோ என்று அவரும் இதுவரை கேட்டதில்லை.

பஞ்சைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, அடுத்தவர்களுக்குக் கேட்காத குரலில் இன்று கேட்டுவிட்டார்.

"உண்மையைச் சொல்லு. என் வாய் நாறுதுன்னுதானே அந்த ரூமுக்குப் போன?"

ஆமாம் என்று சொல்லிவிடு என்று மனசு கெஞ்சியது. ஆமாம் என்றால் மூன்றே வாரத்தில் சரிசெய்துவிடலாம்.

அவள் கோபப்படவில்லை. கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு, எதையோ நினைவுபடுத்திப் பார்ப்பவள் போல நிஜமாகவே யோசித்தாள்.

"நாறுதா? அதுக்கு முன்னாடியே நாம அவ்வளவு பக்கத்துல வரதில்லையே. எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றாள்.